தையல் போடுவது யார்?

இதை வாசிப்பவரே, உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்பு வழங்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். அது அன்றைக்கே வழங்கப்பட்டுவிட்டது. திருவொற்றியூரில் வணிகர்கள் சிலர் சேர்ந்து நடத்திவந்த தரும ஆஸ்பத்திரியின் முற்றத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், நான் என்ன பேசினேன், அந்தப் பேச்சுக்கு என்ன நேர்ந்தது என்பதை நிகழ்ந்த வரிசையிலேயே சொல்கிறேன். இடையில் என் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். மேடையில் வளர்ந்தவன் நான். கேட்பவரை என் பக்கம் சாய்ப்பது எனக்குப் பழகிப்போன காரியம்.

அன்று முடிவாக வேண்டியிருந்த கேள்வி எளியது. அந்த ஆஸ்பத்திரியின் நர்சம்மா, வெட்டுக்காயத்துக்கு இனியும் தையல் போடலாமா, கூடாதா? கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டால், மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தன்னால் ஆகாதென்றும், மறுநாளே ராயபுரத்து வீட்டோடு இருந்துவிடப் போவதாகவும் அவர் அறிவித்திருந்தார். சொன்னதைச் செய்கிற பெண்மணி அவர். அவர் போய்விட்டால், மதியத்துக்கு மேல் காயம்படுகிற தொழிலாளி ரயில்வே கேட்டைக் கடந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். கேட் எப்போது திறக்கும் என்பதைக் கூட்ஸ் வண்டிகள்தாம் தீர்மானிக்கும்.

டாக்டர் வயதானவர், காலையில் மட்டும் வருவார். பிற்பகலில் வேறு இரண்டு தொழிற்சாலைகளின் மருத்துவ அறைகளுக்குப் போய்விடுவார். எங்கள் பகுதியின் இயந்திரங்களோ காலை, மாலை பார்த்துக் கடிப்பதில்லை. ஆகையால் அவரே நர்சம்மாவுக்குத் தையல் போடவும், தீக்காயத்துக்குக் கட்டவும், டெட்டனஸ் ஊசி போடவும், முறிந்த எலும்புக்குப் பட்டை வைத்துக் கட்டி அனுப்பவும் கற்றுக்கொடுத்து, நிர்வாகத்தின் சம்மதத்தையும் வாங்கியிருந்தார். தொடக்கத்தில் ஜனங்கள் முகம் சுளித்தார்கள். பிறகு காற்று திசை மாறியது. காலையிலேயே வந்திருக்கக்கூடியவர்கள்கூட, எதிர்ச்சாரித் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, "டாக்டரு பூட்டாரா?" என்று விசாரித்துக்கொண்டு, அவர் போன பிறகு உள்ளே நுழைவதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் அப்போது பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். காத்திருப்பது என் இயல்புக்கு ஒவ்வாத செயல். காலடிப்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு நடப்பேன். அங்கே நிற்கப் பிடிக்காமல் திரும்பி வருவேன். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் மறுபடியும் புறப்படுவேன். கல்லூரி மேடைகளில் வாங்கிய கோப்பைகள் அலமாரியில் இருந்தன. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்த அணியில் நிறுத்தினாலும், மணி அடிப்பதற்குள் வாதத்தை முடித்துக் கைதட்டலோடு இறங்கத் தெரிந்தவன், தபால்காரரின் சைக்கிள் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்படித் திரிந்துகொண்டிருந்த ஒரு நாள், தந்தைக்குக் கை கிழிந்துவிட்டதென்று செய்தி வந்தது. இரும்புத் தகடு அழுத்தும் பட்டறையில் அவருக்கு வேலை. நான் ஓடிப் போனபோது தரும ஆஸ்பத்திரியின் மர மேசை மேல் அவருடைய முன்கை நீட்டப்பட்டிருந்தது. முழங்கைக்குக் கீழே சதை வாய் பிளந்திருந்தது. நர்சம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் வரட்டும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு இவன்?"

"எம் புள்ளதாம்மா. காலேஜு படிச்சவன்" என்றார் தந்தை.

"அப்ப கணக்கு தெரியும். டாக்டரு நாளிக்கிக் காலைல வருவாரு. அதுவரிக்கும் ஒங்கப்பன் ரத்தம் நிக்குமான்னு கணக்குப் போட்டுச் சொல்லு நைனா, நான் ஊசியக் கீழ வெச்சிடறேன்."

"முறைப்படி..." என்று தொடங்கினேன்.

"டேய், நீ சும்மா இரு" என்றார் தந்தை. "நீ தைம்மா."

அவர் தைத்தார். தைக்கும்போது வாய் ஓயவில்லை. கையுறை ஏன் போடவில்லை, எவன் பேச்சைக் கேட்டு அவசரப்பட்டாய், வீட்டில் சோறு போடுகிறவளை நினைத்தாயா என்று தந்தையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டினார். தந்தை வலியை மறந்து அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியில், கட்டுப் போட்ட கையை ஏதோ விருது வாங்கியவர்போல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "பெரிய ஆஸ்பத்திரில சீட்டப் பாத்துக்கினே பேசுவாங்கடா. இந்தம்மா என் மூஞ்சப் பாத்துத் திட்டுது. அதிலேயே பாதி வலி பூடுச்சி."

காயம் நன்றாக ஆறியது. நான் நர்சம்மாவின் கட்சிக்கு மாறினேன். கட்சி மாறுவது விவாதக்காரனுக்குப் புதிதல்ல. ஆனால் இம்முறை நாணயம் சுண்டி எந்த அணி என்று தீர்மானிக்கவில்லை.

பிறகுதான் புகார் எழுந்தது. ஆஸ்பத்திரியை நடத்தும் வணிகர் சங்கத்தின் கிடங்குகளைக் கட்டிக்கொடுத்த ஒரு மேஸ்திரி, தகரம் வெட்டி உள்ளங்கை கிழிந்து தரும ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். நர்சம்மாவால் அவர் பட்ட பாட்டைச் சங்கத் தலைவரிடம் நேரிலேயே போய் முறையிட்டிருக்கிறார். தலைவர் தென்மாவட்டத்துக்காரர்; கருப்பட்டியும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்பவர். ஆஸ்பத்திரியின் செலவில் பெரும்பங்கு அவருடையது. மேஸ்திரியின் சொல்லுக்கு அவரிடத்தில் மதிப்பிருந்தது. ஊருக்குள் செய்தி வந்து சேர்ந்தபோது, 'நர்சு தைச்சு மேஸ்திரி கை கெட்டுப்போச்சு' என்று ஆகியிருந்தது. பொதுமக்களைக் கூட்டி, சிகிச்சை பெற்றவர்களுக்குத் திருப்தியா இல்லையா என்று கேட்டு, அங்கேயே முடிவு சொல்வதாகத் தலைவர் அறிவித்தார். தந்தையின் பட்டறைத் தொழிலாளர்கள் தங்கள் சார்பில் பேச என்னை நிறுத்தினார்கள்.

அந்த வாரம் நான் தூங்கினேனா என்று எனக்கு நினைவில்லை. நடந்துகொண்டே பேச்சைக் கட்டினேன். எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பம் வரை போய், முகத்துவாரத்துக் காற்றிடம் உரத்துச் சொல்லிப் பார்த்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாபா, எலெக்சனா?" என்று கேட்டார். ஒரு வாக்கியம் சரியாக அமைந்தால் அடுத்த வாக்கியம் அதைக் கெடுத்தது. எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்பதை நூறு விதமாகக் கற்பனை செய்தேன். மேஸ்திரியை நேரில் பார்த்து என்ன நடந்தது என்று கேட்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. எதிரணியிடம் முன்னதாகப் போய் வாதத்தைக் கேட்டு வரும் வழக்கம் எங்கள் மேடையில் கிடையாது.

ஞாயிறு வந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு, வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருந்தார்கள். தலைவர் வரத் தாமதமானது. மேடை நாற்காலியில் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் ஓரத்தில் கைத்தடியை ஊன்றி உட்கார்ந்திருந்தார். நர்சம்மா நாற்காலியை மறுத்துவிட்டு, வைத்திய அறை வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா, எனக்கோசரம் பேசப் போறியாமே?"

"ஆம், அம்மா."

"பேசு, பேசு. அன்னிக்கி என் கையத் தட்டிவுட வந்தவன்தானே நீ. அந்தச் சூடு கொஞ்சம் இன்னிக்கும் இருக்கட்டும்."

பேசினேன். பட்டம் சுவரில் தொங்குகிறது, குருதி தரையில் ஒழுகுகிறது, இரண்டில் எது முதலில் நம் கண்ணில் பட வேண்டும் என்று கேட்டேன். நெருப்புப் பிடித்த வீட்டில் நீர் ஊற்ற வருபவளிடம் சான்றிதழ் கேட்பீரோ என்றேன். எந்தக் காயத்துக்கும் அஞ்சாத கரம், எவரையும் திருப்பி அனுப்பாத வாசல் என்று அவரைப் புகழ்ந்தேன். அந்த இடத்தில் வாசற்படியில் நின்றிருந்த நர்சம்மா முகத்தைச் சுளித்ததைக் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கக் கைதட்டல் இடம் தரவில்லை. இறுதியாக, "இந்த அம்மையார் தொடர்ந்து தையல் போட வேண்டும் என்போர் கை உயர்த்துக!" என்றேன்.

முற்றம் முழுவதும் கைகள் எழுந்தன. ஒரு கை கீழே இல்லை. தலைவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்தார். "தம்பி, பேச்சு சொகமா இருந்துச்சு. இப்பம் நானும் ஒண்ணு கேக்கேன்." கூட்டத்தைப் பார்த்தார். "இந்தம்மா இனிமே ஊசி நூலைத் தொடக் கூடாதுன்னு நெனைக்கவங்க, கை தூக்குங்க."

முற்றம் முழுவதும் கைகள் எழுந்தன.

நான் பார்த்தேன். என்னை மேடையேற்றிய பட்டறைத் தோழர்களின் கைகள். தேநீர்க் கடையிலிருந்து டாக்டரின் புறப்பாட்டை வேவு பார்த்தவர்களின் கைகள். முன்வரிசையில், தழும்பு தெரியச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த என் தந்தையின் கை.

வெளியூர்க்காரருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். தொழிற்சாலை வாசல்களில் நாள்தோறும் கூட்டம் நடக்கும் ஊர் எங்களுடையது. தீர்மானத்தை ஆதரிப்போர் கை உயர்த்துக என்று மேடையில் இருப்பவர் கேட்டால் உயர்த்த வேண்டும். உயர்த்தாமல் நிற்பது, கேட்டவரின் முகத்தில் அடிப்பது போன்ற அவமரியாதை. என்ன கேட்டார் என்பது அதற்குப் பிறகுதான்.

"அப்பா!" என்றேன், என்னை மறந்து.

"பெரியவரு மைக்ல கேக்கறாரு, தூக்காம எப்டிடா இருக்கறது?" என்றார் தந்தை. கூட்டம் சிரித்தது. கைகள் தயங்கித் தயங்கி இறங்கின.

"பாத்தீயளா?" என்றார் தலைவர். "ஒங்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. இதை வச்சு நான் என்னத்த முடிவு செய்ய?"

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எதையாவது பேசியே தீர வேண்டும் என்ற வேகத்தில், "குற்றம் சாட்டியவர் மேடைக்கு வரட்டும். நர்சம்மா போட்ட தையலை இந்தச் சபைக்குக் காட்டட்டும்!" என்று முழங்கினேன்.

பின்வரிசையிலிருந்து மேஸ்திரி எழுந்து வந்தார். கனத்த உடம்பு, வலது கையை மார்போடு அணைத்திருந்தார்.

"தையலா?" என்றார். "எந்தத் தையலு? அந்தம்மா எனுக்கு எங்க தைச்சிது? தைக்கலன்றதுதான்யா என் கம்ப்ளைண்டு."

என் கையில் மிச்சமிருந்த வாதங்கள் எல்லாம் ஒரே நொடியில் தலைப்புக்குப் புறம்பாயின.

"ஊருக்கெல்லாம் தைக்கிறியே, எனுக்கும் ரெண்டு போடுன்னு கைய நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பாத்துச்சி. வெரல மடக்குன்னுச்சி. அப்பால, 'இது இங்க ஆவாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ'ன்னு துணியச் சுத்தி ரிக்‌ஷாவுல ஏத்திடுச்சி. அவ்ளோதான். கேட்டு மூடிக்கினு கீது. கூட்ஸு வண்டி போவுது, நிக்கிது, திரும்பப் பின்னால வருது. துணியெல்லாம் ரத்தம். ரிக்‌ஷாக்காரன் திரும்பிப் பாத்துக் கேக்கறான், 'இன்னாண்ணே, அந்தம்மாவே கைவுட்டுடுச்சா?'ன்னு. அப்பத்தான் எனுக்கு ஒடம்பு ஆடிப் போச்சி. அந்தம்மாவே கைவுட்டா நாம காலின்னு நெனச்சிக்கினேன். கேட்டாண்டை நின்னுக்கினு எம் பொண்டாட்டிக்கு யாரு சொல்லுவாங்கன்னு பாத்தேன். ஒருத்தனுக்குத் தைச்சு, ஒருத்தன ஒண்ணும் சொல்லாம தொரத்தற கையில ஊசி எதுக்குன்னுதான் பெரியவராண்ட கேட்டேன்."

"ரத்தத்த நிறுத்தறதா, ஒன்கிட்ட குந்திக் கத பேசறதா?" என்று வாசற்படியிலிருந்து நர்சம்மாவின் குரல் பாய்ந்தது. "வெளிய ஒருத்தன் காலு வெந்து கத்திக்கினு கீறான். நான் இன்னா ரெண்டு ஆளா?"

"ஒரு வார்த்தம்மா! ஒரு வார்த்த சொல்லியிருந்தா?"

அப்போது டாக்டர் தடியை ஊன்றி எழுந்து வந்தார். மேஸ்திரியின் வலது கையைத் தம் கையில் வாங்கி, உள்ளங்கையைக் கூட்டத்துக்குத் தெரியும்படி திருப்பினார். "விரலை மடக்குங்க" என்றார். நடுவிரலும் மோதிர விரலும் மெதுவாக, கொஞ்சம் நடுங்கி, மடங்கின.

"அன்னைக்கு இந்த ரெண்டும் மடங்கலை. உள்ளே விரலை மடக்குற தசைநாண் அறுந்திருந்தது. மேலே தோலைச் சேர்த்துத் தைக்க இவங்களுக்கு நல்லாவே தெரியும். தைச்சிருந்தா காயம் அழகா ஆறியிருக்கும். விரல் ரெண்டும் செத்த விரலா நின்னிருக்கும். அறுந்ததைக் கண்டுபிடிச்சுச் சேர்க்க அறுவை சிகிச்சை செய்யுற டாக்டர் வேணும். எதைத் தைக்கலாம்னு கத்துக்கொடுத்தது நான். எதைத் தொடக்கூடாதுன்னு கத்துக்கொடுத்ததும் நான்தான்." கையை விட்டார். "தைச்சு அனுப்பியிருந்தா, மேஸ்திரி, நீங்க அன்னைக்கு ரொம்பத் திருப்தியா வீட்டுக்குப் போயிருப்பீங்க."

எனக்கு அது வெற்றி. எதிரணிக்காரரான மேஸ்திரியின் கையே எனக்குச் சாட்சியாகிவிட்டது. எழுந்து, அதைச் சொற்களில் வடித்து, முடித்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. எழுந்தும்விட்டேன். மேஸ்திரி என்னைப் பொருட்படுத்தவில்லை. தம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நல்லாத்தான் கீது. இல்லன்னா சொல்றேன்? அதுக்கோசரம் அன்னிக்கி கேட்டாண்டை நா பயந்தது பொய்யா பூடுமா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். நியாயமான கேள்விக்கு மறுப்புரை தேடுவது வீண் என்று ஒப்புக்கொள்வதில் எனக்குக் கௌரவக் குறைவு ஏதுமில்லை. நர்சம்மா கட்டியிருந்த கைகளைப் பிரித்துப் புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

கூட்ஸ் வண்டி ஒன்று தடதடத்துப் போய் முடியட்டும் என்று தலைவர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டார். எனக்கு அந்த வண்டியை எட்டி உதைக்க வேண்டும் போல் இருந்தது.

"சரி. அந்தம்மா தைக்கட்டும்" என்றார். கைதட்டல் எழுவதற்குள் விரலை உயர்த்தினார். "ஆனா ஒண்ணு. தைக்க மாட்டேன்னு அனுப்புற ஆளைத் தனியா அனுப்பக் கூடாது. கூட ஒருத்தர் போவணும். ஏன் அனுப்புதாங்க, அங்க என்ன செய்வாங்கன்னு வழி நெடுக அவருக்குச் சொல்லிக்கிட்டே போவணும். பயத்தோட ஒருத்தரை அனுப்பிட்டு, நாங்க தருமம் செய்தோம்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கு ஆளைக் காட்டுங்க. ஆள் இல்லேன்னா தையலும் இல்ல."

கூட்டத்தைப் பார்த்தார். கேள்வியாகக் கேட்கவில்லை; ஆகவே எந்தக் கையும் எழவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஆயாவை அனுப்பினால் உள்ளே கட்டுத்துணி எடுத்துக் கொடுக்க ஆளில்லை. தொழிலாளிகள் அந்நேரம் பட்டறையில் இருப்பார்கள். டாக்டர் எங்கோ இருப்பார். சாயங்காலத்துக்குள் ஆளைச் சொல்லுங்கள் என்று தலைவர் கூட்டத்தைக் கலைத்தார். ஜனங்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் ஏணி போட்டு வேப்பமரத்திலிருந்து குழாயை இறக்கினார்.

நர்சம்மா உள்ளே போய் இரும்புத் தட்டில் கருவிகளை அடுக்கினார். அடுக்கும் ஓசை முற்றம்வரை கேட்டது. தந்தை என் அருகில் வந்து, "வாடா, போலாம்" என்றார். என் கால்கள் தெருவாசல் பக்கம் நடந்தன, திரும்பின, மறுபடி நடந்தன. மேஸ்திரி தேநீர்க் கடையோரம் பீடியை இடக்கையால் பற்ற வைக்க முயன்றுகொண்டிருந்தார். குச்சி அணைந்து அணைந்து போனது.

"இன்னாபா பாக்கறே?" என்றார். "நல்லாத்தான் பேசினே. எவனையும் திருப்பி அனுப்பாத வாசலுன்னியே, அப்ப மட்டும் எனுக்கு எரிஞ்சிது. அவ்ளோ பேச்சு அன்னிக்கி என் பக்கத்துல குந்திக்கினு யாராவது பேசியிருந்தா, நா இங்க வந்தே இருக்க மாட்டேன்."

தீக்குச்சியை வாங்கிக் கொளுத்திக் கொடுத்தேன். பிறகு முற்றத்துக்குத் திரும்பினேன். வில்லுவண்டியில் ஏறிக்கொண்டிருந்த தலைவரைக் கூவி நிறுத்தினேன். டாக்டர் நின்றார். ஓசை கேட்டு நர்சம்மா வாசற்படிக்கு வந்தார். அப்போது என்னிடம் ஒலிவாங்கி இல்லை. கட்டிவைத்த வாக்கியமும் இல்லை. தெருவில் பேசுகிற பேச்சிலேயே, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"ஆளு நான்தான். மத்தியானத்துல இந்தம்மா யார அனுப்பினாலும், ரிக்‌ஷாவுல பக்கத்துல குந்திக்கினு நான் போறேன். இன்னாத்துக்கு அனுப்பறாங்கன்னு மொதல்ல அம்மாகிட்ட கேட்டுக்கறேன், அப்பால அவரு போதும் நிறுத்துன்ற வரிக்கும் சொல்லிக்கினே போறேன். எனக்கு வேல கெடச்சா, எனக்குப் பதிலா ஒரு ஆளக் கொண்டாந்து இந்தப் படியில நிறுத்திட்டுத்தான் போவேன்."